காலி நாற்காலியின் கணக்கு

எங்கள் தெருமுனை ஏடிஎம் வாசலில் ஏழெட்டு ஆண்டுகள் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நீலச் சீருடை, அவர் அளவுக்குத் தைத்ததல்ல, அவருக்கு முன்னால் இருந்தவருக்குத் தைத்தது. கால் ஒன்று விரிசல் விட்டுக் கயிறு சுற்றிய பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், நாலாக மடித்த செய்தித்தாள். காவல் என்பது பெயருக்குத்தான். முதியோர் உதவித்தொகை எடுக்க வரும் பாட்டிகள் கார்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, ரகசிய எண்ணைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்கள். “மெதுவா சொல்லு ஆத்தா” என்பார் அவர். “கெடக்கறது ஆயிரம் ரூவா. அதை எவன் வந்து தூக்கிட்டுப் போகப்போறான், எடுத்துக் குடுண்ணே” என்பாள் பாட்டி. பணம் சிக்கிக்கொண்டால் எந்தக் கிளையில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த நேரத்தில் நூறு ரூபாய் நோட்டு வரும், எப்போது ஐந்நூறு மட்டும் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் நாற்காலி மட்டும் இருந்தது. பணம் நிரப்ப வந்த வேன்காரரிடம் விசாரித்தேன். “கேமரா போட்டாச்சு சார். எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்து மொத்தமா பாக்குறாங்க. யாராச்சும் கை வெச்சா சைரன் அடிக்கும்” என்றார். பெரியவர் எங்கே என்று கேட்டதற்கு, “அவரு கான்ட்ராக்ட் ஆளுதானே” என்றார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல.

காசாளரின் வேலையை எடுத்துக்கொள்ள வந்த இயந்திரம்தான் அந்தப் பெரியவருக்கு வேலை கொடுத்தது. இன்னொரு இயந்திரம் அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிறகு எல்லோரும் செல்போனில் ஸ்கேன் செய்யத் தொடங்கியதும் ஏடிஎம்முக்கே ஆள் வருவது குறைந்து, அந்த அறையின் ஷட்டரும் இறங்கிவிட்டது. தானியங்கிமயம் சேவைத் துறை வேலைகளை ஒழிக்கிறதா என்ற கேள்வியை நாம் மாநாட்டு மேடைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எட்டுக்கு எட்டு அறை ஒன்று அதற்கான விடையை மூன்று தவணைகளில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

பித்தளை டோக்கன் முதல் கைரேகை வரை

வங்கிக்குப் போனால் பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். கம்பிக் கூண்டுக்குள் காசாளர், பக்கத்தில் ஈரப் பஞ்சுக் கிண்ணம், அவர் நோட்டு எண்ணும் வேகத்தை வாய் பார்க்கும் கூட்டம். கணினி வந்தால் வேலை போகும் என்று வங்கி ஊழியர்கள் அஞ்சிய காலமும் அதுதான். 1960களில் எல்ஐசி கணினி வாங்க முனைந்தபோது கொல்கத்தாவில் ஊழியர்கள் அதை உள்ளே விடாமல் மறித்துப் போராடினார்கள். வங்கிகளில் எத்தனை இயந்திரங்கள், எந்த வேலைக்கு என்பதையே 1983இல் தொழிற்சங்கங்கள் நிர்வாகங்களுடன் பேசி ஒப்பந்தம் போட்டன. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் அறிக்கை கணினிமயத்துக்கு வழி காட்டியது. 1987இல் மும்பையில் நாட்டின் முதல் ஏடிஎம் திறக்கப்பட்டது.

அந்தச் சங்கங்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று பின்னாளில் கேலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் அந்த ஒப்பந்தத்தால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இயந்திரம் வந்தது, மெதுவாக வந்தது. பேரேட்டில் எழுதியவர்களே விசைப்பலகைக்கு மாறினார்கள். 2000-01இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் போனபோதும் கையில் ஒரு தொகை இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. வேலை குறைந்தது; குடும்பம் தெருவுக்கு வரவில்லை.

ஏடிஎம்மைக் காட்டி ஆறுதல் சொல்லும் பொருளாதார அறிஞர்கள் உண்டு. அமெரிக்காவின் ஜேம்ஸ் பெஸன் காட்டிய கணக்கு உலகப் பிரசித்தம். 1988இல் ஒரு நகர்ப்புறக் கிளைக்குச் சராசரியாக இருபது காசாளர்கள் தேவைப்பட்டார்கள். 2004இல் பதின்மூன்று பேர் போதும் என்றானது. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கூடுதல் கிளைகளைத் திறந்தன. மொத்தத்தில் காசாளர் எண்ணிக்கை குறையவில்லை. இயந்திரம் வந்தும் வேலை நிலைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்று பல ஆண்டுகள் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் கதை 2004இல் முடியவில்லை. செல்போனே வங்கியாக மாறிய பிறகு அங்கே கிளைகளும் மூடப்பட்டன, காசாளர்களும் வேகமாகக் குறைந்தார்கள். முதல் இயந்திரம் வேலையை மாற்றியது. இரண்டாவது, வேலை நடந்த இடத்தையே மாற்றியது. முதல் சுற்றைப் பார்த்துவிட்டு ஆட்டம் முடிந்ததாகத் தீர்ப்பு எழுதியதுதான் பிழை.

நம் நாட்டில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2006இல் ரிசர்வ் வங்கி வணிகத் தொடர்பாளர்களை அனுமதித்தது. இன்று கிராமத்துப் பெட்டிக்கடைக்குள் ஒரு சின்னக் கருவியில் கைரேகை வைத்தால் பணம் தருகிறாரே, அவர்தான். பாட்டிக்குப் பணம் எண்ணிக் கொடுப்பது, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது, படிவம் நிரப்பித் தருவது என்று பழைய காசாளரும் எழுத்தரும் செய்த வேலையைத்தான் செய்கிறார். ஆனால் அவருக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கமிஷன். கருவி பழுதானால் அன்றைய வருமானம் போச்சு. அரசாங்கம் ஆளெடுக்கும் பட்டியலில் அவர் இல்லை, சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் இல்லை. வேலை ஒழிந்ததா? இல்லை. வேலையைச் சுற்றியிருந்த சம்பளம், விடுப்பு, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. தேங்காயை உரித்தபின் நார் ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம் கிடக்கிறது. பருப்பைத் தின்றவர் யார் என்பதுதான் கேள்வி.

சுங்கச்சாவடியில் ஒரு ஸ்டிக்கர்

இந்த உரித்தல் எப்படி நடக்கிறது என்று பார்க்க நெடுஞ்சாலைக்குப் போகலாம். டோல்கேட் கூண்டில் இருந்தவரின் வேலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கையை வெளியே நீட்டிப் பணம் வாங்க வேண்டும், சில்லறைக்குச் சண்டை போட வேண்டும், ‘நான் யார் தெரியுமா’ என்பவரிடம் திட்டு வாங்க வேண்டும், எட்டு மணி நேரம் லாரிப் புகையைச் சுவாசிக்க வேண்டும். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை மேலே இருக்கும் கருவி படிக்கிறது, கணக்கில் பணம் கழிகிறது, தடுப்புக் கட்டை எழும்புகிறது. வரிசை குறைந்தது, டீசல் மிச்சமானது. இவை உண்மையான நன்மைகள், மறுப்பதற்கில்லை.

ஆனால் 2022 அக்டோபரில் உளுந்தூர்பேட்டை அருகே செங்குறிச்சியிலும் பெரம்பலூர் மாவட்டம் திருமாந்துறையிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுங்கச்சாவடி ஊழியர்கள் வேலையை இழந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அதே கூண்டில் இருந்தவர்கள். சாலை ஒரு நிறுவனத்தின் குத்தகை, வசூல் இன்னொரு நிறுவனத்தின் ஒப்பந்தம், ஆட்கள் மூன்றாவது ஒருவரின் பட்டியல். இப்படி அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தால் வேலை போனவர் எந்தக் கதவைத் தட்டுவார்? 1983இல் வங்கி ஊழியர் பேசி வாங்கிய அவகாசம் இவருக்கு ஏன் கிடைக்கவில்லை? இரண்டு இடத்திலும் வந்தது இயந்திரம்தான். ஒருவருக்கு நியமன ஆணையும் சங்கமும் இருந்தன. மற்றவருக்கு ஒப்பந்ததாரரின் செல்போன் எண் இருந்தது. வேலை போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவரை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்பதிலேயே அது எழுதப்பட்டுவிட்டது.

டிக்கெட் கிழிப்பவர் மட்டுமா கண்டக்டர்?

ஒரு வேலையை இயந்திரம் செய்யும் என்று சொல்பவர்கள், அந்த வேலை எது என்று முதலில் சொல்ல வேண்டும். டவுன் பஸ் கண்டக்டரை எடுத்துக்கொள்வோம். டிக்கெட் கொடுப்பதுதான் அவர் வேலை என்றால், கையடக்க இயந்திரமும் கியூஆர் அட்டையும் அவரை அனுப்பிவிடலாம். 2018இல் நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நடத்துநர் இல்லாத இடைநில்லாப் பேருந்துகளை ஓட்டின. புறப்படும் நிலையத்திலேயே டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு, ஓட்டுநர் மட்டும் வண்டியை எடுப்பார். இடையில் ஏறுவோர் இல்லாத தடத்தில் அது ஓடலாம். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பள்ளி, கல்லூரி, கம்பெனி எல்லாம் ஒன்றாக விட்ட நேரத்தில் ஒரு டவுன் பஸ்ஸின் பின்படிக்கட்டைப் பாருங்கள். “உள்ள போப்பா, உள்ள காலியாத்தானே இருக்கு” என்று தொங்கும் பையன்களை ஏற்றுவது, கைக்குழந்தைக்காரிக்கு இடம் வாங்கித் தருவது, தூங்கிப்போனவரை அவர் நிறுத்தத்தில் தட்டி எழுப்புவது, குடித்துவிட்டு வம்பு செய்பவனை இறக்கிவிடுவது, கடைசி ஆள் கால் வைத்துவிட்டாரா என்று பார்த்து விசிலடிப்பது. எந்தப் பணி விவரப் பட்டியலிலும் இவற்றில் பாதி இருக்காது.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் டிக்கெட் உண்டு. எத்தனை பேர் பயணித்தார்கள் என்று தெரிந்தால்தான் அரசு கழகங்களுக்குப் பணம் தர முடியும். காசே வாங்காத பயணத்துக்கும் ஒரு மனிதர் நெரிசலுக்குள் புகுந்து புறப்பட வேண்டியிருக்கிறது! லண்டன் இதற்கு ஒரு பாடம். அங்கே ரூட்மாஸ்டர் பேருந்துகள் 2005 டிசம்பரில் வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றபோது கண்டக்டர்களும் போனார்கள். 2012இல் பின்பக்கம் திறந்த புதிய பேருந்து வந்தபோது, காசு வாங்காவிட்டாலும் பின்வாசலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மீண்டும் பணியாளரை ஏற்றினார்கள். 2016இல் செலவைக் காட்டி அவர்களையும் இறக்கினார்கள். அந்த ஆளின் வேலையை எந்தக் கருவியும் செய்துவிடவில்லை. அந்த வேலை இல்லாமலே பயணி சமாளித்துக்கொள்ளட்டும் என்று ஒரு மேசையில் முடிவெடுக்கப்பட்டது.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தெரியும் சேவை வேலைகளில் இயந்திரம் பலமுறை சறுக்கியிருக்கிறது. ஜப்பானின் சசெபோ நகரில் 2015இல் ரோபோக்களே உபசரிக்கும் ஒரு விடுதி திறந்தார்கள். விருந்தாளியின் குறட்டையைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, “மன்னிக்கவும், புரியவில்லை” என்று நடுராத்திரியில் எழுப்பியது அறையிலிருந்த பொம்மை. 2019க்குள் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் மூட்டை கட்டப்பட்டன. சுவீடனின் கிளார்னா நிறுவனம், 700 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் வேலையைத் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் செய்வதாக 2024இல் மார்தட்டியது. மறு ஆண்டே, தரம் குறைந்துவிட்டது என்று மனிதர்களை மீண்டும் எடுக்கத் தொடங்கியது. இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கலாம். நிம்மதியாகத் தூங்க முடியாது. மீண்டும் எடுக்கப்படுபவர் பழைய நாற்காலிக்கு, பழைய சம்பளத்துக்குத் திரும்புவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கூலி மலிவானால் இயந்திரம் வராது

அமெரிக்காவில் வண்டிக்காரரே பெட்ரோல் போட்டுக்கொள்வது பல பத்தாண்டுப் பழக்கம். நியூ ஜெர்சி மாநிலம் மட்டும் 1949 முதல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருக்கிறது. நம் ஊரில் அப்படித் தடுத்து நிறுத்த வேண்டிய தேவையே வரவில்லை. எந்த பங்கில் பார்த்தாலும், “ஜீரோ பாத்துக்கங்க சார்” என்றபடி குழாயோடு ஆள் நிற்கிறார். தொழில்நுட்பம் தெரியாமலா? அவருடைய சம்பளம் இயந்திரத்தின் விலையைவிட மலிவு, அவ்வளவுதான். நம் நாட்டில் இயந்திரம் எப்போது வரும் என்பதைக் கண்டுபிடிப்பாளர் தீர்மானிப்பதில்லை, கூலி தீர்மானிக்கிறது.

இந்த விதியின் கொடூர முகம் பாதாளச் சாக்கடையில் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது. 2013இல் இன்னொரு சட்டம் இன்னும் இறுக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடைக்குள் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் விஷவாயு தாக்கி ஆள் இறந்த செய்தி நிற்கவில்லை; பதிவான மரணங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. டோல்கேட்டில் சில்லறை வாங்கும் கைக்கு மாற்றாகச் சில ஆண்டுகளில் நாடு முழுக்க ஸ்டிக்கர் ஒட்ட முடிந்தது. மனிதன் ஒருபோதும் செய்யக் கூடாத வேலைக்கு இயந்திரம் வர முப்பதாண்டு போதவில்லை. அந்தக் குழிக்குள் இறங்குபவரின் கூலியும் மலிவு, சாதியால் அவர் உயிரும் மலிவு. இயந்திரம் வேலையைப் பறிக்கிறது என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புபவர்கள் இங்கே வந்து நிற்க வேண்டும். பறிக்க வேண்டிய வேலையும் இருக்கிறது. அதைத்தான் இயந்திரம் தொடாமல் விட்டிருக்கிறது.

ஆனால் வழியும் இதே இடத்தில்தான் தெரிகிறது. ஹைதராபாத் குடிநீர் வாரியம் 2017இல், குறுகிய சந்துகளுக்குள் நுழையும் எழுபது சிறிய கழிவுநீர் அகற்றும் வண்டிகளை இறக்கியது. அவற்றை ஒரு பெருநிறுவனத்திடம் ஒப்படைக்கவில்லை. தலித் இந்திய வர்த்தக தொழில் சபையின் துணையோடு, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, தலித் தொழில்முனைவோரை வண்டிக்கு உரிமையாளர் ஆக்கியது. வேலைக்கான ஒப்பந்தத்தையும் வாரியமே கொடுத்தது. டெல்லி 2019இல் அதே வழியில் 200 வண்டிகளை இறக்கியது. குறைகள் இல்லாத திட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் காலங்காலமாகக் குழிக்குள் இறக்கப்பட்ட சமூகத்தின் கையில் இங்கே வண்டியின் சாவி வந்தது. இயந்திரம் மிச்சப்படுத்தும் பணம் சாவி இருக்கும் பக்கம்தான் போகும்.

பதினைந்து நாள் சம்பளத்தில் என்ன கற்கலாம்?

நம் சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொருவருக்காகவும் பதினைந்து நாள் சம்பளத்தை முதலாளி ஒரு மறுதிறன் நிதியில் போட வேண்டும் என்றும் அது சொல்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் இருபது வருடம் கூண்டில் உட்கார்ந்து காசு வாங்கிய ஒருவர் பதினைந்து நாள் சம்பளத்தில் எதைக் கற்று எங்கே போவார்? அதையும்விடப் பெரிய ஓட்டை, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று காகிதத்தில் காட்டிவிட்டால் அதை ஆட்குறைப்பு என்றே யாரும் சொல்லாமல் தப்பித்துக்கொள்வது. சேவைத் துறையில் இயந்திரம் முதலில் தொடுவது இந்த ஒப்பந்த ஆட்களைத்தான். சட்டத்தின் குடை அவர்கள் தலைக்கு எட்டுவதே இல்லை.

செய்யக்கூடியவை மூன்று உண்டு. அரசுப் பணமோ அரசு உரிமமோ சம்பந்தப்பட்ட இடத்தில் இயந்திரம் புகுத்தும்போது, ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவர்களையும் சேர்த்துக் கணக்கெடுத்து, அவர்களுக்கு மாற்றுப் பணி அல்லது இழப்பீடு என்பதை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுத வேண்டும். சாலைக் குத்தகை விடும்போது தார் எத்தனை அங்குலம் என்று எழுதத் தெரிந்த அரசுக்கு இதுவும் எழுதத் தெரியும். இரண்டாவது, ஒவ்வொரு மின்னணுப் பரிவர்த்தனையிலும் ஒரு துளி பிடித்து நலநிதி சேர்ப்பது. இது கனவல்ல, செயலிவழித் தொழிலாளர்களுக்காக ராஜஸ்தான் 2023இல் அப்படியொரு சட்டம் இயற்றியது, அதே ஆண்டு தமிழ்நாடும் அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. யுபிஐ பரிவர்த்தனை 2025 ஆகஸ்டில் மாதத்துக்கு 2,000 கோடியைத் தாண்டிய நாட்டில், நல்ல லாபம் பார்க்கும் சேவை நிறுவனங்களிடம் மட்டும் வாங்கினாலும் துளி பெருவெள்ளமாகும். மூன்றாவது, ஹைதராபாத் பாடம். எந்தத் தொழிலாளியின் வேலையை இயந்திரம் எடுக்கிறதோ, அவருக்கே அதை இயக்கவும் வாங்கவும் முதல் உரிமை.

எங்கள் தெருவின் அந்த ஏடிஎம் அறை இப்போது மாவுக் கடை. சாய்க்கும் வகை கிரைண்டர் இரண்டு, எடைத் தராசு, வாசலில் கியூஆர் அட்டை, பணம் வந்ததும் குரல் கொடுக்கும் ஒரு பெட்டி. சுயஉதவிக் குழுக் கடனில் கிரைண்டர் வாங்கியதாகக் கடைக்கார அக்கா சொன்னார். முன்பு ஒரு ஓட்டல் சமையற்கட்டில் மாவரைத்துக்கொண்டிருந்தவர். அங்கே பெரிய இயந்திரம் வந்ததும் இவரை நிறுத்திவிட்டார்கள். “அந்த மெஷினு அவங்களோடது. இது என்னோடது” என்றார், உளுந்தைத் தள்ளிவிட்டபடியே.

அவரிடம் பழைய காவல்காரப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். யாரையும் தெரியாது என்றார். வங்கிக் கிளையில் கேட்டால் அவர் தங்கள் ஊழியரல்ல என்பார்கள். காவல் நிறுவனத்தில் கேட்டால் அந்த இடத்து ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பார்கள். தானியங்கிமயத்தால் வேலை இழந்தோர் எத்தனை பேர் என்று நாளை ஒரு குழு கணக்கெடுக்கப் புறப்பட்டால் அவர் அதில் வரமாட்டார். ஏனென்றால் யாருடைய ஏட்டிலும் அவர் வேலையில் இருந்ததாகவே இல்லை.